கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்

1966 மார்ச் 14, திங்கட்கிழமை. சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் மாடியறையில் ஆறு பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. குடற்புண் நோயாளிகள் ஆறு பேர் அவற்றில் படுத்திருந்தார்கள்.

மூன்றாவது பாயில் பஸ் டிரைவர் வேலாயுதம். இரண்டு வருடமாக அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மனத்தின் இறுக்கம் தளராமல் புண் ஆறாது என்றார் டாக்டர். ஆறு மாதம் உடலைத் தளர்த்தும் இந்தப் பயிற்சி, பலிக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. வீட்டில் ஏதும் கவலையா என்று கேட்டதற்கு வேலாயுதம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"கைய நல்லா இறுக்குங்க. இப்ப விட்டுருங்க. காலும் அதுபாட்டுக்குச் சாயட்டும்," என்றாள் நர்ஸ் சரஸ்வதி. "தெனம் ரெண்டு வேளை வீட்டுல செய்யணும் அண்ணே. மருந்தே அதுதான்."

அன்று மதியம் அவர் ஒரு தட்டுச் சோறு வலியில்லாமல் சாப்பிட்டார்.

டிப்போவில் கண்டக்டர் அப்துல் ஹமீது விடவில்லை. "சும்மா படுத்துக் கெடக்க ஆஸ்பத்திரில சொல்லித் தர்றாங்களா? எனக்கும் ஒரு சீட்டு வாங்கியா லா!" எல்லோரும் சிரித்தார்கள்.

ஜாலான் புசார் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் அவர் குடியிருந்தது ஒரே அறை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்தான் ஓர் ஆள் கால் நீட்ட இடம். மறுநாள் காலை அங்கே படுத்துக் கண்ணை மூடினார். கைகள் தளர்ந்தன. பாதங்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாகச் சாய்ந்தன.

தேக்கா சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்த மனைவி மங்களம் கதவைத் திறந்தாள். கூடையைப் போட்டுவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் போன மகனை அவர்கள் கிடத்தியது அங்கேதான். அவன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டியவளும் அவள்தான்.

"எந்திரிங்க."

"வைத்தியம் மங்களம்."

"அந்த எடத்துல வேணாங்க. என்னால முடியல."

எழுந்துவிட்டார். அடுத்த நாள் நாற்காலியில் உட்கார்ந்து செய்து பார்த்தார். கண்ணை மூடியதும் அந்தத் துணிக்கட்டுதான் தெரிந்தது. பயிற்சியைப் பாதியில் விட்டு எழுந்தார். டிப்போவில் படுக்கலாம் என்றால் கேலிக்குப் பயம்.

வாரந்தோறும் ஆஸ்பத்திரியில் சரஸ்வதி கேட்டாள்: "வீட்டுல செய்யறீங்கல்ல?"

செய்யவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். மகனின் பெயரை அவர் இரண்டு வருடமாக வாய்விட்டுச் சொன்னதில்லை.

"செய்யறேம்மா."

அவள் அட்டையில் குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் வேலாயுதம் ரத்தமாக வாந்தி எடுத்தார். தினமும் ஒழுங்காகச் செய்தும் பயிற்சி பலனளிக்கவில்லை என்று அந்த அட்டையைப் பார்த்து டாக்டர் எழுதினார். செப்டம்பர் 9ஆம் தேதி வேலாயுதத்தின் இரைப்பையில் பாதிக்கு மேல் அகற்றப்பட்டது.