டென்வருக்கு நான்கு காலிப் பெட்டிகள்

எமெட்டுக்கு மாற்றல் என்ற செய்தி எங்கள் ஊருக்கு வந்தது லெஸ்டரின் முடிவெட்டும் கடை வழியாக. சரக்கு ரயில் தண்ணீர் பிடிக்க நின்ற நேரத்தில் முடிவெட்டிக்கொள்ள வந்த ரயில்காரர் ஒருவர், "உங்க ஊர்ல தினம் தபால் பை எறியிறாரே எமெட், நாளையோட சரி. டெக்சாஸ் பக்கம் தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சொன்னாராம். அவ்வளவுதான், அவருக்குப் பாதித் தலைமுடியை வெட்டாமல் விட்டுவிட்டு, கத்திரிக்கோலோடு என் சாப்பாட்டுக் கடைக்கு ஓடிவந்துவிட்டான் லெஸ்டர்.

காபிக் கெண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பின்னே? எமெட் போய்விட்டால் வெர்னாவின் கதி என்ன?

வெர்னா எங்கள் ஊரான கெஸ்லரின் தபால் அலுவலகத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பவள். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் எக்ஸ்பிரஸ் எங்கள் ஊரில் நிற்காது. அதனால் தினமும் மத்தியானம் தண்டவாளத்தின் மேற்குக் கோடியிலுள்ள இரும்புக் கம்பத்தில் வெர்னா தபால் பையை மாட்டிவிட்டு ஒதுங்கி நிற்பாள். ரயில் பறக்கும் வேகத்திலேயே, தபால் ஏற்றிவரும் ரயில் பெட்டியின் வாசலில் நிற்கும் எமெட் ஒரு கொக்கியால் அதைப் பிடுங்கிக்கொண்டு, எங்கள் ஊருக்கு வந்த பையைக் கீழே தள்ளுவார். மற்றவர்கள் தள்ளினால் பை சாக்கடையில் விழும், இல்லை சக்கரத்தில் மாட்டிக் கிழியும். எமெட் தள்ளினால் வெர்னாவின் காலடியில் வந்து உட்காரும். பிறகு அவர் தொப்பியைத் தூக்குவார். அவள் கையை உயர்த்துவாள். வருஷக்கணக்காக இதுதான். ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வெர்னா தைரியம் கொண்டு பையோடு ஒரு டப்பா பிஸ்கட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். கொக்கி பட்டதும் டப்பா வெடித்து, ஊரில் பாதிப் பேர் தலையில் பிஸ்கட் தூள். மறுநாள் எமெட் வாசலில் நின்று வயிற்றைத் தடவிக் காட்டிக்கொண்டே போனார். அன்று வெர்னா சிரித்ததை நான் பார்த்தேன். அதற்கு முன் அவளுக்குப் பல் உண்டா என்றே எனக்குச் சந்தேகம்.

மாற்றல் செய்தியை அவளிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா? டெக்சாஸ்ல வெயில் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே என் கடிதத்தில் தபால்தலையைத் தலைகீழாக ஒட்டினாள். அப்படியொரு தப்பை அவள் செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

எக்ஸ்பிரஸை நிறுத்த ஒரே ஒரு வழி உண்டு. எங்கள் ஊரிலிருந்து யாராவது டென்வருக்கோ அதற்கு அப்பாலோ போக டிக்கெட் வாங்கினால், ஸ்டேஷன்காரன் க்ளைட் பச்சை வெள்ளைக் கொடியைக் காட்டுவான். ரயில் நின்றே ஆக வேண்டும். பக்கத்து ஊருக்கென்றால் நிற்காது, டென்வர்தான். அந்தக் கொடியைக் கடைசியாக எப்போது காட்டினார்கள் என்று எனக்கு நினைவில்லை. டென்வரில் எங்களுக்கு என்ன வேலை?

யோசித்துக்கொண்டே இருந்தால் காரியம் ஆகாது. பின்பக்கமாகப் போய் க்ளைட்டின் ஜன்னலைத் தட்டினேன்.

"டென்வருக்கு ஒண்ணு குடு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

க்ளைட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "டென்வர்ல என்ன மேபல்?"

"அடுப்பு வாங்கணும்."

"நல்ல அடுப்பா பாத்து வாங்கு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவன் உதட்டோரம் ஏதோ துடித்தது. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் அப்படி. சண்டையை நடுத்தெருவில் போடுவோம். அடுத்தவருக்கு நல்லது செய்தால் மட்டும் ஒளிந்து செய்வோம். வெளியே தெரிந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

மறுநாள் காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே பெட்டியோடு லெஸ்டர் நிற்கிறான்.

"நீ எங்கடா?"

"டென்வர். பல்லு புடுங்கணும். நீ?"

"அடுப்பு."

பேசி முடிப்பதற்குள் பாஸ்டர் நூட்சன் வந்தார், பெட்டியோடு. சபைக் கூட்டமாம். அவருக்குப் பொய் சொல்ல வராது, காதெல்லாம் சிவந்துவிட்டது. அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? ப்ரூகரம்மா! தபாலில் வரவழைத்த கோழிக்குஞ்சுகள் செத்து வந்ததிலிருந்து வெர்னாவோடு பேச்சுவார்த்தை இல்லாத அதே ப்ரூகரம்மா.

"அக்கா பொண்ணைப் பாக்கப் போறேன்" என்றார், நாங்கள் கேட்காமலேயே. அவருக்கு அக்காவே கிடையாது.

நான் க்ளைட்டைத் திரும்பிப் பார்த்தேன். "பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு பேரும்தான யார்கிட்டயும் சொல்லாதன்னீங்க" என்றான் அவன், கொடியைப் பிரித்துக்கொண்டே.

ஒருவர் ஏறினால் போதும். மற்ற மூவரும் வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் திரும்பினால் எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டுமே! நால்வரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கல்லுச் சிலை மாதிரி நின்றோம்.

தூரத்தில் புகை தெரிந்தது. க்ளைட் கொடியை ஆட்டினான். எஞ்சின் இரண்டு தடவை குட்டையாகக் கூவியது. அதைக் கேட்டதும் கடைகளிலிருந்தும் தானியக் கிடங்கிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். எக்ஸ்பிரஸ் நிற்கிறது! எங்கள் ஊரில்! மேற்குக் கோடியில் வெர்னா பையைக் கம்பத்தில் மாட்டப் போனவள், அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். தரை அதிர்ந்தது, பிரேக் கிறீச்சிட்டது, முன்னால் இருந்த தபால் பெட்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சரியாக அவளுக்கு எதிரே நின்றது.

பருமனான கண்டக்டர் படியை வைத்தார். "டென்வர் யாரு? சீக்கிரம் சீக்கிரம்!"

நாங்களா சீக்கிரம் ஏறுவோம்? பாஸ்டரின் தொப்பி சக்கரத்தடியில் விழுந்தது. காற்றே இல்லை, அவரே போட்டார். குனிந்து நிதானமாகத் தேடினார். லெஸ்டரின் பெட்டி படியில் இடித்துத் திறந்துகொண்டது.

"என்னய்யா, பெட்டில ஒண்ணுமே இல்ல?" என்றார் கண்டக்டர்.

"கொறைவாத்தான் எடுத்துட்டுப் போவேன்."

ப்ரூகரம்மா முதல் படியில் காலை வைத்தவர், "ஐயோ, தல சுத்துது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்க வேண்டிய உடம்பு அது. "அம்மா, எந்திரிங்கம்மா, வண்டி லேட்டாகுது!" என்று கண்டக்டர் கெஞ்சினார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கூட்டம் மறைத்தது. வெர்னாவின் நீலத் தொப்பி தபால் பெட்டியின் பக்கம் நகர்வது மட்டும் தெரிந்தது. பேசு பெண்ணே, பேசு என்று உள்ளுக்குள் கத்தினேன்.

கடைசியில் எங்களை உள்ளே திணித்தார்கள். வண்டி நகர்ந்தது. ஊர்ப்பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தால், கண்டக்டர் குறுக்கே நின்று, "டிக்கெட், டிக்கெட்" என்கிறார். அவர் விலகியபோது வெளியே சோளக்காடுதான் இருந்தது.

என்ன நடந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வண்டியை நிறுத்திய எங்கள் நால்வருக்குத்தான் தெரியாது! இந்த அநியாயத்தை நினைத்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நடுக்கதவு வழியாக முன்பக்கம் போகலாமென்றால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

"பேசியிருப்பாளா?" என்றார் பாஸ்டர்.

"யாரு?" என்றார் ப்ரூகரம்மா.

"சும்மா நடிக்காதீங்கம்மா" என்றேன். பொறுமை போய்விட்டது. "நாலு பேரும் எதுக்கு வந்தோம்னு நாலு பேருக்கும் தெரியும்."

அதற்குப் பிறகு யாரும் அடுப்பைப் பற்றியோ பல்லைப் பற்றியோ பேசவில்லை. அடுத்த நிறுத்தம் வரும்வரை இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தோம். வண்டி நின்றதும் பெட்டிகளோடு இறங்கி நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அந்த ஊர் ஸ்டேஷன்காரர் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். தபால் பெட்டியின் வாசலில் ஒரு சிவப்பு மீசைக்காரர் நின்றார். எமெட் இல்லை.

"எமெட் எங்க?" என்று கத்தினேன்.

"நீங்க கெஸ்லரா?" என்று சிரித்தார் மீசைக்காரர். "அவர் உங்க ஊர்லயே எறங்கிட்டாரே. அவருக்குப் பதிலா வந்திருக்கிறவன் நான். வேலையெல்லாம் காலையிலயே என்கிட்ட ஒப்படைச்சாச்சு, சும்மா கூட வந்துட்டிருந்தார்."

"அவரா எறங்கினாரா? அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா?" என்றான் லெஸ்டர்.

"அந்தம்மா பையை என் கையில குடுத்தாங்க. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே நின்னாங்க. நான் வண்டி கெளம்பிடும்னு பயந்துட்டேன். அப்புறம் அந்தம்மா, 'பிஸ்கட் வீட்ல இருக்கு. இந்தத் தடவ நொறுங்காது'ன்னாங்க. மனுஷன் ஒரே குதி! கோட்டைக்கூட எடுக்கல." உள்ளே போய் ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து வந்து நீட்டினார். "குடுத்துடுவீங்களா?"

பாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். லெஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுதால் என்ன? நான் அழுதேன்.

பிறகு கோட்டை யார் பெட்டியில் வைப்பது என்று சண்டை. நான்கும் காலிதானே! நான் என் பெட்டியைத் திறந்தேன், லெஸ்டர் அவனுடையதைத் திறந்தான். ப்ரூகரம்மா இருவரையும் முழங்கையால் தள்ளிவிட்டுக் கோட்டைப் பிடுங்கினார். கசங்காமல் மடித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"நான்தான் கொண்டுபோய் அவ கையில குடுப்பேன்" என்றார். "அந்தக் குஞ்சுங்க செத்ததுக்கு அவ காரணமில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."