எலிக்குக் கேட்ட மருந்து

...பயமெல்லாம் இல்லை, மகள் நதீரா போனில் அழாத குறையாகச் சொன்னாள் என்பதற்காகத்தான் இந்தக் கண் கிளினிக் வாங்குப் பலகையில் வந்து குந்தியிருக்கிறேன், மற்றப்படி கண்ணுக்குள் ஊசி ஏற்றிக்கொள்ள எனக்கென்ன விசரா? நேர்ஸ் மிஸ் கண்ணில் துளிமருந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள், இனிக் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் புகைதான், எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்றும் பிடிபடாது. இருக்கட்டும். கொழும்பில் ஆராய்ச்சி செய்கிற என் மகள் ஓர்கிட் தண்டை அரைத்துச் சாறெடுத்து, என்னைப்போலச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பிடித்த எலிகளுக்குக் கொடுத்திருக்கிறாள், எலிகளின் கண்ணுக்குள் இரத்தம் கசிவது குறைந்துவிட்டதாம், படமும் அனுப்பினாள், சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள், எனக்கு என்ன விளங்கியது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எலிக்குத்தான் வாப்பா, மனிசருக்கு வர எத்தின வரிசமோ, வராமலும் போகும், ஊசிய விட்டிராதீங்க" என்றாள். அவள் அப்படித்தான், சோதனை எழுதிவிட்டு வந்து சரியில்லை வாப்பா என்பாள், பிறகு பார்த்தால் வகுப்பிலேயே முதலாவதாக நிற்பாள். எலிக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேட்காமல் போகுமா?

கல்முனையில் நெல் வியாபாரம் பார்க்கிறவன் நான், ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் போதும், என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன். இந்த மீராமுகைதீன் ஹாஜியார் பொறு என்றால் வெள்ளாமைக்காரர் ஒருவரும் நெல் மூடையை வெளியே எடுக்கமாட்டார்கள், விலை ஏறின பிறகுதான் எடுப்பார்கள். அதிலும் என் கூட்டாளி அபூசாலி, பெண்சாதி சொல்வதைக்கூடத் தட்டுவான், நான் சொன்னதைத் தட்டியதே இல்லை. அவனுக்கும் இதே கண் வருத்தம். நோன்புக்கு முன்னம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வரும்போது மகளின் கதையைச் சொன்னேன், பெற்றவனுக்குப் பெருமை இருக்காதா? "பொறு மச்சான், ஊசிக்கு என்ன அவசரம், என்ட மகள்ட மருந்து வருது" என்றேன். "நீ சென்னாச் சரிதான்" என்றான்.

மிஸ் அபூசாலியின் பெயரைக் கூப்பிடுகிறாள். எழும்பி வருவான்... இன்னொருதரம் கூப்பிடுகிறாள். "அபூசாலி வரல்லயா? போன முறையும் வரல்ல" என்கிறாள். போன முறையுமா? ஊசியைத் தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று டொக்டர் அவனுக்கும் சொன்னவர்தானே... மூடையையா வைத்திருக்கிறான் அவன், நான் பொறு என்றதும் பொறுக்க? போனை எடுத்தேன், எழுத்தெல்லாம் புகை. பக்கத்தில் இருந்த பெண்பிள்ளையிடம், "இதில அபூசாலி எண்டு இரிக்கும் மகள், அடிச்சித் தாங்க" என்றேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான், அவ்வளவு சந்தோசம் குரலில்.

"மச்சான், மருந்து வந்திட்டா? நீ எங்க நிக்கிற?"

எங்கே நிற்கிறேன்... மகளின் மருந்தில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, ஆனால் அவனைப் பொறு என்று சொல்லிவிட்டு, ஒரு முறைகூடத் தவறாமல் நான் வந்துகொண்டிருக்கிற இடத்தை அவனுக்கு எப்படிச் சொல்வது?