ஆளுக்கு இரண்டு குடம்

ஜீவனஹள்ளியில் எங்கள் சந்து போர்வெல் வற்றிப்போன கோடையில், தண்ணீரைப் பங்கு போடும் வேலையை செல்போனிடம் கொடுத்தோம். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. குழாயடியில் தொண்டை கிழியச் சண்டை போட்டும் தீராததை ஒரு போன் வந்து தீர்த்துவிடுமா என்று கேட்டேன். என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

செய்து கொடுத்தவள் எங்கள் சந்திலேயே பிறந்து வளர்ந்த சங்கமித்ரா. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. லாரித் தண்ணீர் இறங்கும் பொதுத் தொட்டியில் ஒரு சென்சாரை மாட்டினாள். தொட்டியில் இருப்பதையும் அடுத்த லாரி எப்போது வரக்கூடும் என்பதையும் பார்த்து, ஆளுக்கு எத்தனை குடம் என்று போனே சொல்லும். பெரும்பாலும் இரண்டு. போனைக் காட்டினால் குழாய் திறக்கும், பங்கு முடிந்ததும் மூடிக்கொள்ளும். கெஞ்சினாலும் திறக்காது, திட்டினாலும் திறக்காது. நான் இரண்டையும் செய்து பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் செய்வதற்கு முன்னால் அவள் வீடு வீடாக வந்து, குழாயடியில் என்னென்ன வழக்கம் என்று கேட்டாள். சாவு வீட்டுக்கு முதல் தண்ணீர். நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு குடம். எங்கள் வீட்டில் இத்தனை பேர் என்று யாரும் தானே சொல்லிக்கொள்வது எடுபடாது, அக்கம்பக்கம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே போனில் ஏற்றினாள். ஒரு வீட்டில் ஆள் கூடினால் யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், ஆனால் மூன்று வீடுகள் ஆமாம் என்று அமுக்க வேண்டும். அமுக்கும்போது போன் கேட்கும்: விருந்தாளியா, வீட்டு ஆளா? விருந்தாளிக்கு ஒரு வாரம்தான் தண்ணீர். நோய்க்கு மட்டும் அந்த வீட்டுக்காரர் எழுதினாலே போதும், செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லார் போனும் ஒன்றாகக் கூவின. "ஜெயராமன் வீடு. எல்லம்மாவுக்கு மஞ்சள் காமாலை. கூடுதல் இரண்டு குடம்."

ஜெயராமன் எனக்கு எதிர்வீடு. ஒரு பெரிய அடுக்குமாடியில் பம்ப் ஆபரேட்டர். வீட்டில் அவரும் அவர் மனைவி எல்லம்மாவும் மட்டும்தான். ஒரே மகள் அம்ருதாவை அத்திபெலேயில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் சந்தில் நோய் என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டோம். இந்த வழக்கத்தை மட்டும் சங்கமித்ராவிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை. ஜெயராமனும் அதை மறந்துபோனார் என்பதுதான் வேடிக்கை. பக்கத்து வீட்டு லாயிட் ரொட்டியோடு கிளம்பினார், நான் சாத்துக்குடியோடு போனேன், பின்னாலேயே பாதிச் சந்து வந்தது. யாரோ கீழாநெல்லிகூடப் பறித்து வந்திருந்தார்கள்.

எல்லம்மா வாசலில் உட்கார்ந்து மத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"மஞ்ச காமாலைக்கு மீனு ஆவாதே, எல்லம்மா" என்றார் லாயிட்.

"யாருக்குக் காமாலை?" என்றாள் அவள்.

அதற்குள் ஓடிவந்த ஜெயராமன் அவள் காலை மிதித்தார். எல்லம்மா கெட்டிக்காரி. புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். மீனை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். முனகல் வேறு.

வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்ப முடியாது. நோயாளி எழுந்து போட முடியாது. ஜெயராமனுக்கோ அடுப்புப் பற்றவைக்கவே வராது. நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம், அவர் திருதிருவென்று விழித்தார். கடைசியில் சமையலறையிலிருந்து அம்ருதா வந்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. இடது கையால் ஒவ்வொரு டம்ளராகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்பம்மா வந்த?" என்று கேட்டேன்.

ஜெயராமன் முந்திக்கொண்டார். "நாலு நாளாச்சுக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தா. அடுத்த வாரம் போயிடுவா. அவங்க வூட்ல பேசினு இருக்கேன்."

"கையில இன்னா?" என்றார் லாயிட்.

"சுடுதண்ணி கொட்டிகினா."

அம்ருதா அப்பாவைப் பார்த்தாள். "நானா கொட்டிக்கல" என்றாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மகள் வந்ததை எழுதினால் மூன்று வீடுகள் அமுக்க வேண்டும். மூன்று வீட்டுக்குத் தெரிந்தால் சந்துக்கே தெரியும். அடுத்த வாரம் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிடப்போகிற பெண்ணுக்காக எதற்கு ஊர் வாயில் விழ வேண்டும் என்று மனுஷன் பெண்டாட்டிக்குக் காமாலையை வரவழைத்துவிட்டார். அப்படிக் கிடைத்த தண்ணீரும் எங்கள் காபிக்கே போயிருக்கும்.

காபியைக் குடித்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி எல்லம்மாவிடம் சொன்னோம். கிளம்பும்போது லாயிட் ரொட்டியை நோயாளியிடம் கொடுக்காமல் அம்ருதாவிடம் கொடுத்தார். அன்று சாயங்காலமே எல்லம்மாவின் காமாலை குணமாகிவிட்டதாகச் செய்தி வந்தது.

மறுநாள் தண்ணீர் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போன் மறுபடி கூவியது. "ஜெயராமன் வீடு. மூன்று பேர். அம்ருதா, வீட்டு ஆள்." யார் எழுதிப் போட்டது என்று போன் சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மூன்று வீடுகள் போதும் என்ற இடத்தில் சந்து மொத்தமும் அமுக்கியிருந்தது. விருந்தாளி என்று ஒருவர்கூட அமுக்கவில்லை.

ஜெயராமன் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வழக்கமான நான்கு குடத்தோடு வந்தார். போனைக் காட்டினார். நான்காவது குடம் நிறைந்து வழிந்தும் குழாய் மூடவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் வீணாகிறதே என்று கத்த நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, சந்து முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"அம்ருதா! உன் குடத்த எத்துனு வாம்மா!"