பத்து லட்சத்து ஒன்பது

அண்ணன் பாம்பு கடித்துச் செத்த வயலின் நெல்லை அயலார் வெட்டி முடித்துவிட்டார்கள். அருந்ததிக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. அவர்கள் கொண்டுவந்த சோற்றைத் தின்றாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒட்டுசுட்டானில் காணி எடுத்த அவளுடைய ஐயா வீரகத்திக்கு அண்ணன் கதிர்காமநாதன் ஒரே மகன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நெருங்குகிறது. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு என்கிற சிறு புத்தகம் வேண்டும். செத்தவரின் குலமும் பெருமையும் பாட்டாக அச்சேறவேண்டும். பாட்டுக் கட்டுகிற தில்லைநாதன் முற்றத்துக் கதிரையில் இருந்தார். பின்னேர பஸ்ஸில் எழுத்து யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போயாகவேண்டும்.

"எழுதுங்கோ அண்ணை," என்றார் வீரகத்தி. "பத்து லட்சத்து ஒன்பது. ஒருதராலையும் பிரிக்கேலாத எண். என்ரை பெடியன் கண்டுபிடிச்சது."

"கணக்கிலை முட்டை வாங்கின என்னைக் கொண்டு கணக்குப் பாடுவிக்கிறாய், வீரகத்தி," என்றார் தில்லைநாதன்.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் ஐயா அந்த எண்ணைப் பற்றித்தான் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

அண்ணன் அந்தக் கணக்கை முடிக்கவில்லை என்பது அருந்ததிக்கு மட்டும் தெரியும். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். ஆகவே ஆயிரம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும். ஒன்றாலும் மீதியின்றிப் பிரியாவிட்டால் இதுவும் முதன்மை எண். வயலால் வந்து குளித்துவிட்டுக் குசினிக் கதவின் பின்பக்கத்தில் அடுப்புக்கரியால் நாளுக்கு ஓர் எண்ணாக வகுப்பான். "இண்டைக்கும் பிரியேல்லை ஐயா," என்பான். ஐயா அதை முடிந்த காரியமாக எடுத்துக்கொண்டார்.

அச்சில் ஏறப்போகிறதே என்று கதவடிக்குப் போனாள். அண்ணன் கடைசியாக வகுத்திருந்தது 283. மீதி 170. அடுத்த முதன்மை எண் 293. கரித்துண்டை எடுத்தாள். ஈவு மூன்று, நான்கு, ஒன்று என்று வந்தது. கடைசியில் 879 நின்றது. அதில் 293 மூன்று தரம் போனது.

மீதி பூச்சியம்.

பெருக்கிப் பார்த்தாள். அதேதான். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"ஐயா, அது பிரியுது."

"என்ன பிள்ளை?"

"அண்ணாவின்ரை எண். இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டாலை பிரியுது."

தில்லைநாதன் பேனையை மூடினார். "கல்வெட்டை வைச்சு ஆர் பிள்ளை கணக்குச் செய்யப்போகினம்? பேசாமல் இரு."

வீரகத்தி வெற்றிலையை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார்.

"அவன் அதுக்குக் கிட்ட வந்தவனோ?"

"அடுத்தது அதுதான், ஐயா."

"அப்ப இருந்திருந்தால் அடுத்த நாள் அவனே சொல்லியிருப்பான்."

"ஓம்."

வெற்றிலையை வாயில் வைக்காமலே தட்டத்தில் போட்டார். "பிரிக்கேலாது எண்டதை வெட்டுங்கோ அண்ணை. எண் மட்டும் நிக்கட்டும்."

"சும்மா எண்ணோ? வாசிக்கிறவனுக்கு ஒண்டும் விளங்காது. சீரும் இடிக்கும்."

"இடிக்கட்டும்."

தில்லைநாதன் பேனையைத் திறந்தார். அருந்ததி குசினிக்குப் போய், கரி எழுத்து மறையக் கதவைச் சுவரோடு ஒட்டத் தள்ளிவைத்தாள்.