செயலமர்வில் வாங்கிய கையெழுத்து

ஆலோசனை ஆசிரியர்களுக்கு வேலையில் பிடிப்பு வரவேண்டுமாம். அதற்காக எங்களைக் கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலில் காலையிலிருந்து அடைத்து வைத்திருந்தார்கள். பயிற்சி நடத்தக் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் றொட்னி கைதட்டச் சொன்னார், தட்டினோம். கண்ணை மூடச் சொன்னார், மூடினோம். இருபது வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தவர்களுக்கு இந்தக் கூத்து.

என் பிடிப்பு வெளியே கேற்றடியில் நின்றது. மஹய்யாவயிலிருந்து வந்த எங்கள் பள்ளி மாணவி கிருஷாந்தி. அவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பள்ளி அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். மூன்று மணிக்குள் பதிவுத் தபாலில் போகாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். எங்கள் அதிபர் சாந்தகுமார் மூன்று நாளாக அவளை அலைய விட்டிருந்தார். இன்றைக்கு அவர்தான் இந்தச் செயலமர்வுக்குப் பொறுப்பாக வந்திருந்தார். காவலாளி அவளை உள்ளே விடாததால் படிவத்தை நான் வாங்கி வந்திருந்தேன்.

தேநீர் இடைவேளையில் அவரிடம் கேட்டேன். "இன்னைக்குத்தான் கடைசி நாள், சேர்."

"பயிற்சிக்கு நடுவுல இதெல்லாம் வேணாம் மார்கிரட் மிஸ். நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க," என்றார், வாயில் ரோல்ஸோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு வந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவா?

சாப்பாட்டுக்குப் பிறகு, பயிற்சிக்கு வந்தவர்களுக்காக அவர் ஒப்பமிட வேண்டிய சான்றிதழ்கள் வந்தன. மனுஷர் எங்கே போனாலும் முத்திரை பையில் இருக்கும். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினேன். பத்தாவது சான்றிதழுக்கு அடுத்ததாக விண்ணப்பத்தை நீட்டினேன். மடித்து மறைக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், அடுத்ததுக்குக் கையை நீட்டினார்.

கேற்றடிக்கு ஓடிப் படிவத்தைக் கிருஷாந்தியிடம் கொடுத்தேன்.

"சேர் ஏதும் சொன்னாரா மிஸ்?"

"ஒண்ணும் சொல்லல. நீ ஓடு!"

அவள் தபாலகத்தைப் பார்த்து இறங்கி ஓடினாள். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்தால் றொட்னி மஞ்சள் அட்டைகளோடு நின்றார். இந்த வேலையில் நம்மை நிறுத்தி வைப்பது எது என்று எல்லோரும் எழுதவேண்டுமாம். அதிபர் ஒப்பமிட்டு மேலிடத்துக்கு அனுப்புவாராம். மற்றவர்கள் சேவை, அர்ப்பணிப்பு என்று அளந்து தள்ளியிருந்தார்கள்.

நான் எழுதினேன்: "எங்கள் அதிபர் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார். அதனால்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய முடிகிறது."

சாந்தகுமார் அட்டையை வாங்கினார். கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்," என்றார்.