இரும்போடு போகிறவை

துருப்பிடித்த கிளிப்பின் அடியில், தாளைக் கிழிக்காத மழுங்கிய எலும்புக் கத்தியை நுழைக்க ஹின்ரிக் மறுபடி மறுபடி முயன்றார். கத்தி விரல்களில் நிற்கவில்லை. நான் எடுத்துத் தரட்டுமா என்று மகள் வீப்கே கேட்கவில்லை. கேட்டால் எரிந்து விழுவார். ஒருவழியாக அவரே நெம்பி எடுத்துப் படுக்கையோரம் இருந்த பீங்கான் கிண்ணத்தில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. தாளை நீவிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டுக்குக் கை நீட்டினார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாய். இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் அவருக்குக் கிளிப் பிடுங்கியாக வேண்டும்.

வாழ்நாள் முழுக்க மாநில ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். எந்தத் தாள் இருக்க வேண்டும், எந்தத் தாள் அரவைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. இரும்பு துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்றுவிடும். அதனால் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளப் போகிற தாள்களிலிருந்து கிளிப், பின், கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அரவைக்குப் போகிறவற்றை யாரும் அவ்வளவு சீராட்டுவதில்லை. அவை இரும்போடு போகும். வீப்கே எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டிருந்தாள். தாளில் கிளிப் இருந்தால் சாவு, இல்லாவிட்டால் வாழ்வு.

இப்போது அவர் பிடுங்கிக்கொண்டிருந்தது தன்னுடைய தாள்களிலிருந்து. போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து காப்பகத்தின் பழைய ஆவணங்களை உப்புச் சுரங்கத்தில் கொண்டுபோய் ஒளித்தார்கள். திரும்பி வந்தபோது பாதியைக் காணோம், மீதி ஈரம். அந்த ஈரத் தாள்களைக் கொடி கட்டிக் காயப்போடும் கூலி வேலைக்குத்தான் ஹின்ரிக் முதலில் அங்கே போனார். பிறகு படித்து அங்கேயே அதிகாரியானார். ஓய்வு பெற்ற பிறகு, எந்த வண்டியில் எது போனது, சுரங்கத்தில் காவல் இருந்தது யார், குளிருக்கு அடுப்பில் எரித்தது யார் என்று ஊர் ஊராக அலைந்து கேட்டு எழுதினார். அவர் படுத்திருந்த முன்னறை முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகளில் அவை அடுக்கியிருந்தன. காப்பகம் இவற்றை ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து பீ மூத்திரம் அள்ளுகிற மகள் சாப்பிட்டாளா என்பது எந்தக் காலத்திலும் அவர் கவலையாக இருந்ததில்லை.

சமையலறையில் தொலைபேசி அடித்தது. காப்பகத்திலிருந்து டாக்டர் லூர்ஸ் பேசினார். ஹின்ரிக்கிடம் வேலை கற்று, இன்று அவருடைய இடத்தில் இருக்கும் பெண்மணி.

"எல்லாப் பெட்டியையும் எடுத்துக்கிறோம்ங்க. அவர் பேர்லயே தனித் தொகுப்பா வைக்கப்போறோம். நானே நேர்ல வந்து சொல்லணும்னு ஆச, இன்னிக்கு முடியல. நீங்க இப்பவே சொல்லிடுங்க. ரொம்ப நாளாக் காத்துட்டிருக்கார்."

சொல்கிறேன் என்று வீப்கே போனை வைத்தாள். கோப்பையில் கற்கண்டைப் போட்டு அதன்மேல் சூடான தேநீரை ஊற்றினாள். கற்கண்டு வெடிக்கிற சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றாள்.

அம்மா செத்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவின் சாமான்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். அலுவலகத்தில் செய்வதைத்தான் செய்தார். ஒவ்வொரு வகையிலும் மாதிரிக்கு ஒன்று இருக்கும், மற்றது போகும். சமையல் குறிப்புகளில் ஒன்று. மேலங்கியில் ஒன்று. கையுறையில்கூட ஒன்று, வலது கை. அம்மா மாதாகோவில் குழுவில் பாடுவாள். வீட்டில் தனியாகப் பாடிப் பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களும் இருந்தன. அதில் அவள் இருமுவதும், வீப்கேவை வாயை மூடச் சொல்வதும் கேட்கும். அதை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் வீப்கே அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இத யாரும் திரும்பக் கேக்கப்போறதில்ல, வீப்கே. வச்சுக்கிற மதிப்பு இல்ல," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாதிரிக்கு அவர் எடுத்து வைத்தது குழுவாகப் பாடிய நாடா. இருபது பெண்கள் பாடுகிற அந்தப் பாட்டில் அம்மாவின் குரல் எது என்று வீப்கேவுக்கு இன்றுவரை தெரியாது. ஐம்பது வயது தாண்டிய பிறகும் சில நாட்கள் அதைப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

தேநீரோடு உள்ளே போனாள்.

"போன் யாரு? காப்பகமா?" அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமாப்பா."

"என்ன சொன்னா லூர்ஸ்?"

இப்படிச் சொல்லப்போகிறோம் என்று அந்த நொடிவரை அவளுக்குத் தெரியாது. ஆனால் வாக்கியம் தயாராக இருந்தது, நாற்பது வருடமாக.

"பாத்தாங்களாம். யாரும் திரும்பக் கேக்கப்போறதில்லயாம். வச்சுக்கிற மதிப்பு இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்களாம்."

ஹின்ரிக் அவள் முகத்தையே பார்த்தார். அவள் காத்திருந்தாள். அழுவார், அல்லது கத்துவார், அல்லது அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று அவருக்கு நினைவு வரும். அது வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

"மாதிரிக்கு ஒரு பெட்டிகூட..."

"இல்லப்பா."

அவர் பெட்டிகளின் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு தலையாட்டினார்.

"சரிதான். நான் கத்துக்குடுத்ததத்தான செய்யறா. நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். எல்லாத்தையும் வச்சுக்க எடம் ஏது?"

வீப்கேவுக்கு ஆத்திரமாக வந்தது. ஓங்கிய கையை யாரோ பிடித்து மடியில் வைத்துவிட்டது போலிருந்தது. அவருக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட அப்போதும் நேரம் இருந்தது. தேநீர் ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் அதைத் தொடவில்லை. கட்டுகளை இன்னும் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார். கிண்ணத்தையும் மடியில் வைக்கச் சொன்னார்.

"கதவச் சாத்திட்டுப் போ. கொஞ்சம் வேல இருக்கு."

அவள் துணி துவைத்தாள், உருளைக்கிழங்கு உரித்தாள். கிண்ணத்தில் கிளிப் விழும் சத்தம் அதன் பிறகு வரவில்லை. வராதது அவளுக்கு இனித்தது. ஒரு மத்தியானம் பட்டால் போதும், சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். லூர்ஸ் மறுபடி கூப்பிட்டார், மனதை மாற்றிக்கொண்டார்கள் என்று சொன்னால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை.

சாயங்காலத்துக்கு முன்பே அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் தங்கை கெசீனே. கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணனைப் பார்க்க உள்ளே போனவள், உடனே கதவருகில் வந்து நின்றாள்.

"வீப்கே, அடுப்ப அணச்சிட்டு வா."

வாய் லேசாகத் திறந்திருந்தது. எலும்புக் கத்தி போர்வைமேல் கிடந்தது. அத்தை கண்களை மூடிவிட்டாள். உயிர் போக வழி வேண்டுமே என்று ஜன்னலை அகலத் திறந்தாள். கடலிலிருந்து வந்த மார்ச் மாதக் காற்று திரைச்சீலையைக் கூரைவரை தூக்கியது. தேநீர்த் தட்டில் இருந்த துடைக்கும் தாள் பறந்து போனது. மேசைமேல் இருந்த கட்டுகள் அசையவில்லை. கிண்ணம் காலியாக இருந்தது. அத்தை கொட்டிவிட்டாள் போலிருக்கிறது என்று வீப்கே நினைத்தாள். சாயங்காலம் சொல்ல வைத்திருந்ததை இனிக் கேட்க ஆளில்லை. அவள் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். காபியும் வெண்ணெய் கேக்கும் சுற்றி வந்தன. டாக்டர் லூர்ஸ் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். பெட்டிகள் அத்தனையும் காப்பகத்துக்குப் போகின்றன, சேதியை அன்றே மகளிடம் சொல்லிவிட்டேன் என்று அவர் சொன்னதும் கூடத்தில் எல்லோரும் வீப்கே பக்கம் திரும்பினார்கள்.

"அவங்கிட்ட சொன்னியாடி?" என்றாள் அத்தை.

"லூர்ஸ் போன் பண்ணினாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அண்ணன் என்ன சொன்னான்?"

"சரிதான்னு சொன்னார்."

அத்தைக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அவன் வாயிலேருந்து சரிங்கற வார்த்த வர்றதே பெருசு. எங்கப்பா செத்தப்பகூட டாக்டரோட சண்ட போட்டான். நிம்மதியாத்தான் போயிருக்கான்." கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வீப்கே கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

வண்டி அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று லூர்ஸ் கேட்டார். வீப்கே முன்னறையைத் திறந்துவிட்டாள். அப்பா செத்த பிறகு அந்த அறைக்குள் அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. லூர்ஸ் பெட்டிகளைத் தடவிக்கொண்டே போய், மேசையில் இருந்த கட்டுகளின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதென்ன, இதுல கிளிப் இருக்கு?"

மேல்கட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததையும் எடுத்தார். "எடுத்ததயே திரும்பப் போட்டிருக்கார். அதே துருப்பிடிச்ச கிளிப். ஒண்ணு விடாம."

வீப்கே கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு கிளிப்பும், தாளில் அது முன்பு விட்டுப்போன பழுப்புத் தடத்தின்மேலேயே அச்சாக உட்கார்ந்திருந்தது. விளிம்புகள் ஒரு நூல் பிசகவில்லை. எலும்புக் கத்தியைப் பிடிக்க முடியாத கை செய்த வேலை.

லூர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஹின்ரிக் போய் இரும்ப வைக்கிறதாவது. கடைசியில நெனவு தப்பிடுச்சாங்க?"

கூடத்தில் அத்தை யாருக்கெல்லாம் இன்னும் காபி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள் வீப்கே. "தப்பிடுச்சு."

"பாவம்."

லூர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தன்னுடைய எலும்புக் கத்தியை எடுத்து, மேலே இருந்த கிளிப்பின் அடியில் நுழைத்தார். வீப்கே காலிக் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.