வெயில் பழக்கம்

என் மகன் பிரசன்னா மெல்பேர்னில் வேலை பார்க்கிறான் என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். உண்மையில் அவன் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், எங்கள் வீட்டிலேயே, சாப்பாட்டு மேசைக்கு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். முதலில் வேலை போயிற்று. பிறகு கூட இருந்த பெண் போனாள். அப்புறம் தூக்கம். ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் அவன் வாசல் தாண்டுவதும் நின்றுவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், கவுன்சலரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்தார். கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நாள் பேசினான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

மெல்பேர்ன் என் கணவர் பாலகிருஷ்ணனின் கண்டுபிடிப்பு. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யாரோ, பையன் கண்ணிலேயே படுவதில்லையே என்று கேட்டார்கள். மனிதர் நெற்றியில் பூசிய திருநீறு கையில் ஒட்டியிருக்கும்போதே, மெல்பேர்னில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்த வேலையில் அவனுக்குப் பதவி உயர்வுகூட வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் பிரசன்னா அறைக்குள் அசையாமல் கிடப்பான். இருமல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அப்படி இருக்கச் சொல்லி நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அவனுக்குப் புரிந்திருந்தது.

போன குளிர்காலத்தில் அவன் துணி அலமாரியின் இடுக்கு வழியாக ஊதா வெளிச்சம் வருவதைப் பார்த்தேன். திறந்தால் உள்ளே சட்டை எதுவும் இல்லை. ஒரு விளக்கு, அதன் கீழே மூன்று சின்னத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கஞ்சாச் செடி. தபாலில் விதை வாங்கியிருக்கிறான். தூங்குவதற்கு வேண்டும் என்று மட்டும் சொன்னான். என் கணவர் ஆடித் தீர்த்துவிட்டார். இந்த மாநிலத்தில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம், போலீஸ் வந்து நின்றால் தெருவில் தலைகாட்ட முடியுமா என்று பிடுங்கப் போனார். நான் அலமாரிக்குக் குறுக்கே நின்றேன். கஞ்சாவின் மேல் எனக்கென்ன பாசம்? தாகம் எடுத்தால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காத பிள்ளை, அந்த மூன்று செடிகளுக்காக நாள் தவறாமல் எழுந்து குழாயடிக்குப் போனான். அதை எப்படிப் பிடுங்க விடுவேன்?

வசந்தம் வந்தது. செடிகள் விளக்கைத் தொட ஆரம்பித்தன. ஒரு காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் அவன் வந்து நின்றான்.

"அம்மா, பின்பக்கம் காலை வெயில் எங்க விழும்?"

அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சாப்பிடுகிறாயா என்று நான் கேட்பேன், வேண்டாம் என்று அவன் சொல்வான். எங்கள் பேச்சே அவ்வளவுதான். துணிக்கொடிப் பக்கம் முதலில் விழும், கறிவேப்பிலைத் தொட்டிக்கு அப்புறம்தான் வரும் என்று சொன்னேன். அடுப்பில் தோசை கருகிப்போனது.

அன்றைக்கே தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பெர்கோலாப் பந்தலின் நிழலில் வைத்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். அரைக்கால் சட்டைக்குக் கீழே அவன் கால்கள் வெளிறிப்போய்க் கிடந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு போனான். வெளியே வைத்ததை ஏன் எடுக்கிறாய், வெயில் நல்லதுதானே என்று கேட்டேன்.

"லைட்டுக்குக் கீழயே வளர்ந்ததும்மா. இதுக்கு வெயில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். அவசரப்பட்டா வெந்துடும்."

செடியைத்தான் சொன்னான். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம் வைத்தான். அதற்கடுத்த நாள் காற்று அடித்தது. தண்டுக்குக் காற்றும் பழக வேண்டுமாம். தொட்டிகளைக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மேக்பை பறவை ஒன்று வந்து மண்ணைக் கிளறியது. அதை விரட்ட எழுந்தவன் வேலி வரைக்கும் போய் நின்று பக்கத்து வீட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிழலிலிருந்து அரை நிழலுக்கும், அங்கிருந்து காலை வெயிலுக்கும் செடிகள் நகர்ந்தன. நாற்காலியும் கூடவே நகர்ந்தது. தோசையை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன், சாப்பிட்டான். பிடுங்கப் போன மனிதரைப் பார்க்க வேண்டுமே! முதலில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று முறைத்தார். பிறகு தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நத்தை ஏறாமலிருக்கத் தொட்டியைச் சுற்றிக் காப்பித்தூள் சக்கையைத் தூவினார். போலீஸ் பேச்சே எழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிரசன்னா அவரிடம், "நாளைக்குச் சாயங்காலம் பார்க் வரைக்கும் நடந்துட்டு வரலாமாப்பா?" என்று கேட்டான். அவர் எழுந்து உள்ளே வந்து, செருப்பு அலமாரியில் அவனுடைய ஷூவைத் தேடினார். தூசி தட்டி வாசலில் வைத்தார். நானும் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம்.

மறுநாள் சனிக்கிழமை மேற்கிலிருந்து அனல் காற்று. இன்று வெயில் ஆகாது என்று பிரசன்னா தொட்டிகளை நிழலிலேயே வைத்திருந்தான், பொழுது ஏறினால் உள்ளே எடுத்துவிடப் போவதாகச் சொன்னான். அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசல் கண்ணாடியில் நாகேஸ்வரி அக்காவின் பட்டுச் சேலை தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். கோயிலில் பழக்கம், நல்ல மனசு. கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பிரசாதம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் வந்திருக்கிறார்.

பிரசன்னா நாற்காலியிலிருந்து எழுந்ததும் அறைக்குள் போனதும் ஒரு மூச்சு நேரத்தில் நடந்தது. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. தொட்டிகள் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே இருந்தன. என் கணவர் பாய்ந்து போய் மூன்றையும் இழுத்து, வீட்டின் மேற்குச் சந்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், தகர வேலியோடு ஒட்டி வைத்துவிட்டு வந்தார். அங்கே இலை நிழல்கூடக் கிடையாது. வேலியும் சிமெண்டுத் தரையும் அன்றைக்குத் தோசைக்கல் மாதிரிக் காய்ந்தன. அந்தச் சந்தைப் பார்த்த ஜன்னல் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது பிரசன்னாவின் அறை ஜன்னல்.

அக்கா உட்காரக்கூட நினைக்கவில்லை. பிரசாதத்தைக் கையில் தந்து, "நான் போட்டு வாறன், வேதா" என்றார். அப்படியே போகவிட்டிருக்கலாம். என் வாய் இருக்கிறதே, இந்த வாய். "சாப்பாட்டு நேரத்துல வந்துட்டு, சாப்பிடாமப் போவாங்களா?" என்றது. நான் யோசித்துச் சொன்னதில்லை. வாசலுக்கு வந்தவரைப் பார்த்தால் தானாக வருகிற வார்த்தை அது. அக்கா ஒருமுறை மறுத்தார், இரண்டாம் முறை மறுத்தார். நான் விடாமல் கையைப் பிடித்து இழுத்தேன். மூன்றாம் முறை உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். மெல்பேர்னில் அவருக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம், பிசியோதெரபிஸ்ட், தங்கமான பிள்ளை. பிரசன்னாவும் அங்கேதானே இருக்கிறான், இரண்டு பேரும் ஒருநாள் காப்பி குடித்துப் பார்க்கட்டுமே என்றார். நான் குக்கரை வைத்துவிட்டு என் கணவருக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். குப்பை போடுகிற சாக்கில் எழுந்து போய்த் தொட்டிகளை நகர்த்துங்கள் என்று. எழுந்தார். இது தகப்பனோடு கதைக்க வேண்டிய விஷயம், இருங்கோ என்று அக்கா சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். சரி, நான் போகலாம் என்று பார்த்தால், வெங்காயம் வெட்டித் தருகிறேன் என்று அக்கா என்னோடு வந்து நின்றார்.

அதற்குப் பிறகு என் கணவர் மெல்பேர்னிலேயே குடியேறிவிட்டார். பிரசன்னா அங்கே கிளேட்டனில் இருக்கிறானாம். டிராம் சத்தம் அவனுக்குப் பிடிக்காதாம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறானாம், மேனேஜருக்கு அவனை விட்டால் கை ஒடிந்தது போலாம். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அறைக்குள் இருந்த பிள்ளையைவிட அந்தப் பிள்ளையோடு அவருக்கு நன்றாகப் பொழுது போயிற்று. செடிகளை அவர் மறந்தே போனார். நடுவில் இருந்தது வெறும் பிளாஸ்டர் சுவர், சாம்பார் கொதிக்கிற சத்தம்கூட அந்தப் பக்கம் கேட்கும். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அப்பளம் பொரித்தேன். உபசாரம் கூடக் கூட அக்கா இருந்த நேரமும் கூடிக்கொண்டே போனது. வெளியே காற்று தகர வேலியைப் போட்டு அடித்தது.

ஒருவழியாக எழுந்தவர், "கறிவேப்பிலை கொஞ்சம் தாரும், வேதா" என்றார். சிட்னியில் கறிவேப்பிலை இருக்கிற வீட்டுக்கு வந்தவர் வெறுங்கையோடு போனதாகச் சரித்திரம் இல்லை. நீங்கள் இருங்கள், நான் பறித்து வருகிறேன் என்று ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தால் சந்து தெரியும். பார்த்தேன். செடிகள் மூன்றும் மடிந்து தொட்டி விளிம்பில் தொங்கின. பிரசன்னாவின் ஜன்னல் திரை மேலே ஏறியிருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டி நடந்தால் எடுத்துவிடுகிற தூரம். ஆனால் மெல்பேர்னில் இருக்கிறவன் எப்படி வெளியே வருவான்?

என் பையன் இங்கேதான் இருக்கிறான் அக்கா என்று சொல்ல வேண்டும். நெஞ்சுக்குள் சொல்லிவிட்டேன். வாய் மட்டும், "இந்தப் பக்கம் பல்லி வரும்க்கா, உள்ள போயிடலாம்" என்றது. அக்கா ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். வெயிலில் களைத்துவிட்டார் போல என்று நினைத்தேன். பெண்ணின் பேச்சை மறுபடி எடுக்காமல் காரில் ஏறிப் போனார்.

கார் தெருவைத் திரும்பியதும் சந்துக்கு ஓடினேன். இலைகள் வெளுத்து, அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தன. தொட்டதும் நொறுங்கின. தண்ணீர் ஊற்றினேன், நிழலுக்கு இழுத்தேன், என் சேலைத் தலைப்பை நனைத்து மூடினேன். என் கணவர் வந்து பார்த்துவிட்டு அப்படியே குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் யாரும் இல்லை.

சாயங்காலம் அவர் வாசலில் இருந்த ஷூவை எடுத்துக்கொண்டு அறைக்கதவைத் தட்டினார். பார்க்குக்குப் போகலாம் வாப்பா என்று கூப்பிட்டார். அவர் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. உள்ளேயிருந்து பதில் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"நான்தான் மெல்பேர்ன்ல இருக்கேனேப்பா."

செடிகள் பிழைக்கவில்லை. வேறு விதை வாங்கித் தருகிறேன் என்று அவர் கதவிடம் சொல்லிப் பார்த்தார். நான் தட்டைக் கதவருகில் வைப்பேன், அது அப்படியே இருக்கும். அலமாரி இடுக்கில் ஊதா வெளிச்சமும் இல்லை. அவன் நாற்காலியை மட்டும் நான் எடுக்கவில்லை. அது வெயிலிலேயே கிடந்தது.

ஒருநாள் நாகேஸ்வரி அக்கா போன் செய்தார். பெண் விஷயமாகத்தான் இருக்கும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் போனோடு நடந்து போய் பிரசன்னாவின் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, என் பையன் மெல்பேர்ன்ல இல்ல. இங்கதான் இருக்கான். இந்த வீட்லதான் இருக்கான். நீங்க வந்த அன்னைக்கும் இருந்தான்."

உரக்கச் சொன்னேன். அக்காவுக்காகச் சொல்லவில்லை, கதவுக்காகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும், வேதா. அண்டைக்குக் கறிவேப்பிலை பறிக்கேக்க ஜன்னல்ல பிள்ளையைக் கண்டனான். கையும் காட்டினனான், அவர் பாக்கேல்லை. நீர் சொல்ல விரும்பேல்லை எண்டு நினைச்சு நானும் கேக்கேல்லை. பிள்ளை எப்பிடி இருக்கிறார் எண்டு கேக்கத்தான் இப்ப எடுத்தனான்."

கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் கட்டிக் காத்த மானத்தை அக்கா கறிவேப்பிலையோடு கையில் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு வலிக்கக் கூடாதே என்று பேசாமல் போயிருக்கிறார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே தொட்டியைத் தூக்கி நிழலில் வைத்திருப்பார்.

"பிரசன்னா, அக்காவுக்குத் தெரியுமாம்டா. உன்னைப் பார்த்தாங்களாம். யாரும் ஒண்ணும் நினைக்கலடா. வெளியே வாடா கண்ணா."

கதவில் காதை வைத்துக் கேட்டேன். கட்டில் அசைந்தது. காலடிச் சத்தம் வந்தது. எழுந்துவிட்டான், வருகிறான் என்று நானும் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றேன். காலடி கதவைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. திரையைக் கடைசிவரை இறக்கிவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.